படம் ரெடி... சத்தம் எங்கே?

எந்த ஆபீஸை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஒருத்தர் ஷேர் மார்க்கெட் பேசுவார். இன்னொருத்தர் ஏலச்சீட்டு நடத்துவார். மூன்றாவதாக ஒருத்தர் இருப்பார். லஞ்ச் முடிந்து கை கழுவியதும், ரெண்டு கை விரல்களாலும் ஒரு சட்டம் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஃபைல் ரேக்கையே உற்றுப் பார்ப்பார்.

"என்ன சார், கண்ணுல தூசியா?"

"இல்லப்பா... ஃப்ரேம் பாக்கறேன்."

அவர்தான் நாளைய குறும்பட டைரக்டர். இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நாலு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சனி ஞாயிறுக்குக் காமிராவை வாடகைக்கு எடுப்பார்கள். மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடி, நங்கநல்லூரில் பெரியப்பா வீடு, முக்கில் ஒரு டீக்கடை... ரெண்டே நாளில் ஷூட்டிங் ஓவர்! திங்கட்கிழமை ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் படம் அள்ளிக்கொண்டு போகிறது. ஹாலிவுட் எல்லாம் ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஹீரோ வாயைத் திறக்கிறான். சத்தமே இல்லை! தனியாகப் பதிவு செய்த ஒலியைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் வைத்தால், ஹீரோயின் உதட்டை அசைக்கும்போது டீக்கடைக்காரர் குரல் வருகிறது.

தப்பு காமிரா மேல் இல்லை. அது பார்ப்பதற்கு மட்டும்தான் சம்பளம் வாங்குகிறது. கேட்பதற்கு வேறு ஆளை நியமிக்க வேண்டும். அப்புறம் இந்த ரெண்டு பேர் எழுதிய கணக்கையும் டாலி பண்ணத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால், வாடகைக் காமிராவிலேயே தியேட்டர் தரத்துக்குப் படம் பண்ணலாம். தெரியாவிட்டால் ஊமைப் படம்தான்.

போட்டோ காமிரா சினிமாவுக்கு வந்தது

2008 வரை டி.எஸ்.எல்.ஆர். என்பது கல்யாண வீட்டில் "மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்கிறவரின் கழுத்தில் தொங்கிய சமாசாரம். அந்த வருஷம் ஆகஸ்டில் நிக்கான் கம்பெனி டி90 என்ற காமிராவை அறிவித்தது. போட்டோ மட்டுமல்ல, வீடியோவும் எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 வந்து முழு ஹெச்.டி.யில் எடுத்துக் காட்டியது.

சினிமாக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காரணம், அதற்குள் இருந்த சென்சார். சினிமா ஃபிலிமின் ஒரு கட்டத்தைவிடப் பெரியது. முகம் பளிச்சென்று தெரிய, பின்னணி வெண்ணெயாக உருகும் அந்த 'சினிமா லுக்' இத்தனூண்டு காமிராவில் கிடைத்தது.

2010-ல் அமெரிக்காவில் 'ஹவுஸ்' டி.வி. தொடரின் ஆறாவது சீசன் கடைசி எபிசோடை 5டி மார்க் 2-விலேயே எடுத்தார்கள். 2011-ல் ராம்கோபால் வர்மா கேனான் 5டி காமிராக்களை வைத்துக்கொண்டு ஒரு தெலுங்குப் படத்தை ஐந்தே நாளில் எடுத்து முடித்தார். 2012-ல் நம்ம ஊர் 'வழக்கு எண் 18/9'. பாலாஜி சக்திவேல் இயக்கம், விஜய் மில்டன் ஒளிப்பதிவு, காமிரா கேனான் 7டி. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதே கிடைத்தது.

அதே சமயத்தில் கலைஞர் டி.வி.யில் 'நாளைய இயக்குநர்' ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி எல்லாம் அங்கே குறும்படம் போட்டு ஜெயித்தவர்கள். விளைவு? 'நாமும் எடுத்தால் என்ன' என்ற எண்ணம் தமிழ்நாட்டில் எல்லா மேன்ஷன் ரூமுக்குள்ளேயும் புகுந்தது.

இன்றைக்குப் புதுசாக வாங்குகிறவர்கள் மிரர்லெஸ் காமிரா பக்கம் போய்விட்டார்கள். அதனாலேயே பழைய 5டி-க்கள் செகண்ட் ஹாண்டில் கைக்கெட்டும் விலைக்கு வருகின்றன. குறும்படக் கோஷ்டிக்கு அது நல்ல செய்திதானே?

ஹோட்டல் சாப்பாடா, காய்கறிக் கூடையா?

டி.எஸ்.எல்.ஆர்.ஸில் 'ரா' வீடியோ என்று ஒன்று உண்டு. உளவுத்துறை 'ரா' அல்ல. இது 'பச்சை' என்ற அர்த்தத்தில் வரும் ரா.

சாதாரணமாக வீடியோ எடுக்கும்போது காமிராவுக்குள்ளேயே ஒரு சமையல்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரில் வந்து விழும் வெளிச்சத்தை எடுத்து, அவரே கலர் சேர்த்து, அவரே வதக்கி, அவசியமில்லை என்று அவர் நினைப்பதை அவரே தூக்கிப்போட்டு, சின்ன டப்பாவில் அடைத்துத் தருகிறார். ஹோட்டல் சாப்பாடு மாதிரி. ரெடியாக இருக்கும். ஆனால் உப்பு தூக்கலாகிவிட்டால் எடுக்க முடியாது.

ராவில் சமையல்காரருக்கு லீவு. சந்தையிலிருந்து காய்கறிக் கூடை அப்படியே வீட்டுக்கு வருகிறது. நறுக்குவதும் தாளிப்பதும் நம் பொறுப்பு. ஜன்னல் பக்கம் நின்ற ஹீரோயின் முகம் இருட்டடித்துவிட்டதா? பின்னால் தூக்கிவிடலாம். டியூப்லைட் பச்சையடிக்கிறதா? நிறத்தைச் சரி பண்ணலாம். வழக்கமான 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் கறுப்பிலிருந்து வெளுப்பு வரை 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384 படிகள். ஏணிக்கும் திருப்பதி மலைக்கும் உள்ள வித்தியாசம்!

இதற்கு விலை உண்டு. அதை நம்ம பாஷையில், கணக்காகவே பார்த்துவிடுவோம்.

ஒரு ஃப்ரேமுக்கு 1920 x 1080 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 14 பிட். பெருக்கினால் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 3.6 எம்.பி. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 87 எம்.பி. நிமிஷத்துக்கு 5.2 ஜி.பி. கேனான் 5டி மார்க் 3-ன் வழக்கமான சுருக்க வீடியோ நிமிஷத்துக்குச் சுமார் 235 எம்.பி.தான். ஆக ரா என்பது அதைப்போல 22 மடங்கு. 64 ஜி.பி. கார்டு போட்டால் 12 நிமிஷத்தில் கை விரித்துவிடும். அதுவும் வேகமான சி.எஃப். கார்டாக இருக்க வேண்டும். அந்தக் காமிராவின் எஸ்.டி. பொந்து இந்த வேகத்துக்கு மூச்சு வாங்கும்.

சத்தத்துக்காகப் பிறந்த மாயவிளக்கு

5டி-யில் ரா வீடியோ கேனான் கொடுத்ததல்ல. 'மேஜிக் லான்டர்ன்' என்ற இலவச மென்பொருளை கார்டில் ஏற்றி, காமிராவுக்குள் ஓடவிட்டால் வருவது. அந்தக் கதை கொஞ்சம் வேடிக்கை.

5டி மார்க் 2 வந்தபோது படம் பிரமாதம், சத்தம் படுமோசம். காரணம், ஒலி அளவை காமிராவே தானாகக் கூட்டிக் குறைத்தது. வீட்டில் ஒரு வாண்டு டி.வி. ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓயாமல் வால்யூமை அமுக்கிக்கொண்டிருந்தால் எப்படி? அப்படித்தான். யாராவது பேசினால் குறைக்கும். பேச்சு நின்றதும், 'என்னடா ஒண்ணும் கேக்கலையே' என்று பதறிக்கொண்டு கூட்டும். கூட்டியதும் 'உஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் மேலே வரும்.

2009-ல் ட்ராமல் ஹட்சன் என்ற அமெரிக்கர், 'இதை நாமே சரி பண்ணினால் என்ன' என்று காமிராவின் மூளைக்குள் கை வைத்தார். திரையில் ஒலி மீட்டர், கையால் ஒலி அளவை வைக்கும் வசதி. இப்படிப் பிறந்ததுதான் மேஜிக் லான்டர்ன். கேனானும் 2010-ல் தன் பங்குக்கு ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதியைக் கொடுத்தது.

பல நாட்டு ஆசாமிகள் சேர்ந்து மேஜிக் லான்டர்னை வளர்த்தார்கள். 2013 மே மாதம், 5டி மார்க் 3-ல் 14 பிட் முழு ஹெச்.டி. ரா வீடியோவே வந்துவிட்டது. ஒரே குதூகலம். அந்த முதல் ரா ஃபைல்களில் என்ன இல்லை தெரியுமா?

சத்தம்!

பிறகு எம்.எல்.வி. என்ற ஃபைல் முறை வந்து, சில காமிராக்களில் ஒலியையும் சேர்த்துப் பதிய முடிந்தது. ஆனாலும் காமிராவின் காது காமிராவின் காதுதான். 2020-ல் கேனானே 1டி எக்ஸ் மார்க் 3 என்ற டி.எஸ்.எல்.ஆர்.ஸில் ரா வீடியோவை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. அதன் விலை நம் சீட்டுப் பணத்துக்கு அடங்காது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: மேஜிக் லான்டர்ன் கம்பெனி சம்மதத்தோடு வருவதல்ல. காமிராவுக்கு ஏதாவது ஆனால் நம் தலையில்தான் விடியும். வாடகைக் காமிராவில் உரிமையாளரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம்

"காமிராவிலேயே நல்ல மைக்கா மாட்டிட்டா போச்சு. எதுக்கு சார் தனி ரிக்கார்டர்?" என்று கேட்கலாம்.

மாட்டலாம். ஆனால் காமிரா நிற்குமிடம் வேறு, மைக் நிற்க வேண்டிய இடம் வேறு. ஒலிக்கு ஒரு சட்டம் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நாலில் ஒன்றாகிவிடும். எட்டடி தள்ளி நிற்கும் காமிராவின் மைக்குக்கு, ஹீரோ பேச்சும் மின்விசிறியின் 'கடக் கடக்'கும் பக்கத்து வீட்டு குக்கர் விசிலும் கிட்டத்தட்ட ஒரே அந்தஸ்துதான். அதையே வாயிலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழ தூரத்தில் கொண்டுபோய் வையுங்கள். பேச்சு ராஜா, மற்றதெல்லாம் பரிவாரம்.

இது புது விஷயமும் இல்லை. ஃபிலிம் காலத்துப் பெரிய காமிராக்கள் படத்தை மட்டும்தான் எடுத்தன. ஒலியை, தோளில் மாட்டிய நாக்ரா என்ற ஸ்விட்சர்லாந்து டேப் ரிக்கார்டரில் தனியாகப் பிடித்தார்கள். ரெண்டையும் எடிட்டிங் ரூமில்தான் சேர்த்துவைத்தார்கள்.

நம்ம ஊரில் மட்டும் வேறு வழி. 1931-ல் 'காளிதாஸ்' பேச ஆரம்பித்த காலத்தில் நடிகர்கள் காமிரா முன்னாலேயே பேசினார்கள், பாடினார்கள். பிற்பாடு ஆரி 2சி காமிரா இந்திய ஸ்டூடியோக்களில் கொடிகட்டிப் பறந்தது. எடை குறைவு, எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் ஓடும்போது தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் வசனமாவது, பதிவாவது! ஷூட்டிங்கில் அடையாளத்துக்கு ஒரு 'பைலட் ட்ராக்' எடுத்துக்கொண்டு, அப்புறம் டப்பிங் தியேட்டரில் எல்லாரையும் திரும்பப் பேசவைத்தார்கள். காமிரா அமைதியான பிறகும் பழக்கம் போகவில்லை. 2001-ல் 'லகான்' ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டது ஒரு பெரிய செய்தியாகவே பேசப்பட்டது. அதன் ஒலிப்பதிவுக்கு தேசிய விருது வாங்கிய இருவரில் ஒருவர் நம்ம சென்னை ஹெச்.ஸ்ரீதர்.

"அப்ப நாமும் டப்பிங் பண்ணிடலாமே?" என்றால், பெரிய நடிகர்களுக்குச் சரி. நம் படத்தில் நடிப்பது டெஸ்பாட்ச் செக்‌ஷன் குமார்கள். இருட்டறையில், தன் உதட்டைத் தானே பார்த்துக்கொண்டு, அதே கோபத்தோடு அதே வேகத்தில் பேசுவது தனித் தொழில். பழக்கமில்லாதவர் பேசினால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கும்.

கேஷ் புக், பாஸ் புக், ஒரு மரப்பலகை

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பேங்க் ரிகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போட்டிருப்பீர்கள் அல்லவா? கேஷ் புக் நம் கையில், பாஸ் புக் பேங்க் கையில். ரெண்டும் ஒரே வரவுசெலவைத்தான் சொல்கின்றன. ஆனால் தனித்தனியாக எழுதப்பட்டவை. ரெண்டிலும் ஒரே மாதிரி விழுந்த ஒரு பதிவைக் கண்டுபிடித்து டிக் அடித்துவிட்டால், மற்றதெல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

காமிராதான் கேஷ் புக். ரிக்கார்டர்தான் பாஸ் புக். ரெண்டிலும் ஒரே நேரத்தில் விழும் அந்தப் பதிவுதான் கிளாப்!

'கிளாப் அடித்துத்தான் சினிமாவுக்குள் வந்தேன்' என்று டைரக்டர்கள் பேட்டியில் சொல்வார்களே, அதே பலகை. அதை ஏதோ பூஜை சாமான் மாதிரி நினைக்கிறோம். உண்மையில் அது கணக்குப்பிள்ளை. மேல் கட்டை கீழ்க் கட்டையில் வந்து இடிக்கும் அந்தக் கணம் காமிராவுக்குக் காட்சியாகவும், மைக்குக்கு 'டப்' என்றும் பதிவாகிறது. எடிட்டிங்கில் கட்டை மூடிய முதல் ஃப்ரேமைத் தேடுங்கள். ஒலி அலையில் ஊசி மாதிரி நிற்கும் முனையைத் தேடுங்கள். ரெண்டையும் நேருக்கு நேர் வையுங்கள். டாலி!

"இப்பதான் கம்ப்யூட்டரே தானா பொருத்திடுதே?" என்பீர்கள். வாஸ்தவம். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே செய்யும். காமிரா பிடித்த மட்டமான ஒலியையும் ரிக்கார்டரின் நல்ல ஒலியையும் பக்கத்தில் வைத்து, அலைகள் எங்கே பொருந்துகின்றன என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்கு காமிரா ஃபைலில் ஏதாவது ஒரு ஒலி வேண்டும். ஒலியே இல்லாத ரா ஃபைலை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எதை எதோடு ஒப்பிடும்? கேஷ் புக்கே எழுதாதவனுக்கு ஆடிட்டர் என்ன செய்வார்?

அங்கே உங்களைக் காப்பாற்றுவது அந்த மரப்பலகை மட்டும்தான். உங்கள் காமிராவில் ராவோடு ஒலியும் பதியும் வசதி இருந்தால், மட்டமாக இருந்தாலும் அதைப் போட்டு வையுங்கள். அடையாளத்துக்கு உதவும். அப்போதும் கிளாப் அடியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துக் கட்டளைகள்

1. ரிக்கார்டரில் வேவ் ஃபைல், 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். எம்.பி.3 வேண்டாம்.

2. தானாக ஒலி கூட்டும் வசதியை அணையுங்கள். சத்தமான வசனத்தைப் பேசச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் ஆடும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும். கிழிந்த ஒலியைத் தைக்க முடியாது.

3. ரிக்கார்டர் இல்லையா? செல்போனோடு ஒரு காலர் மைக் போதும். ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் க்ளைமாக்ஸில், "சார், பர்சனல் லோன் வேணுமா?"

4. ஹெட்போன் இல்லாமல் ஒலிப்பதிவு கிடையாது. காதில் மாட்டிக்கொண்டு ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

5. ஃபேன், ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தும்போது உங்கள் பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். சவுண்ட் ஆசாமிகளின் பழைய தந்திரம். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, பெரியம்மாவின் மாவும் புளிக்காது.

6. முதலில் ரிக்கார்டரை ஓடவிடுங்கள். அப்புறம் காமிரா. அப்புறம் கிளாப். அப்புறம்தான் ஆக்‌ஷன்.

7. பலகையில் சீன், ஷாட், டேக் எண்களை எழுதி, வாயாலும் சத்தமாகச் சொல்லுங்கள். நாற்பது ஃபைல்களுக்கு நடுவே எது எதற்கு ஜோடி என்று அதுதான் சொல்லும். பலகை ஃப்ரேமுக்குள்ளேயும், ஃபோகஸிலும் இருக்கட்டும்.

8. ஆரம்பத்தில் அடிக்க மறந்துவிட்டால், ஷாட் முடிவில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடியுங்கள். 'இது கடைசிக் கிளாப்' என்று எடிட்டருக்குப் புரியும்.

9. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் 50-ல் ஒன்று என்று வைத்தால் படம் மினுக்காது.

10. லொகேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன், எல்லாரையும் வாயை மூடச் சொல்லி, அந்த அறையின் வெறும் மௌனத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு அறையின் மௌனமும் ஒவ்வொரு மாதிரி. வசனங்களுக்கு இடையில் ஒட்டுப்போட அதுதான் துணி.

கொஞ்சம் கொஞ்சமாக நழுவும் கடிகாரம்

கிளாப் இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் போகப் போக உதடும் குரலும் விலகுகின்றன. ஏன்?

பெரும்பாலும் காரணம் ஃப்ரேம் கணக்கு. பல காமிராக்களில் '24' என்று போட்டிருப்பது உண்மையில் 23.976. எடிட்டிங் மென்பொருளில் முழு 24 என்று வைத்துவிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். சின்னதுதானே என்று நினைப்போம். ஒரு நிமிஷத்தில் ஒன்றரை ஃப்ரேம், பத்து நிமிஷத்தில் அரை நொடிக்கும் மேல். கூட்டு வட்டி மாதிரி குட்டி போடாவிட்டாலும், தனி வட்டி மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும்! எனவே ப்ராஜெக்ட் தொடங்கியதும் முதல் வேலை, காமிராவின் கணக்கும் மென்பொருளின் கணக்கும் ஒன்றா என்று பார்ப்பது.

இரண்டாவது காரணம், காமிராவுக்கு ஒரு கடிகாரம், ரிக்கார்டருக்கு ஒரு கடிகாரம். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ரெண்டு ஃப்ரேம் விலகும். ரா எடுப்பவர்களுக்கு இதில் கவலையில்லை. கார்டே 12 நிமிஷத்தில் தீர்ந்துவிடுமே! மேடை நாடகம், கச்சேரி என்று நீளமாக எடுப்பவர்கள் நடுநடுவே பொருத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் ஓடும். மைக்கிலிருந்து 14 மீட்டர் தள்ளி கிளாப் அடித்தால், சத்தம் வந்து சேர ஒரு ஃப்ரேம் தாமதமாகிவிடும். அதனால் மைக் பக்கத்தில் அடியுங்கள்.

ஒரு ஃப்ரேம், ரெண்டு ஃப்ரேம் யாருக்குத் தெரியும் என்கிறீர்களா? நம் மூளை பொல்லாதது. குரல், உதட்டுக்கு முந்தி 45 மில்லி நொடி வந்தாலே, அதாவது ஒரு ஃப்ரேம் அளவிலேயே உறுத்த ஆரம்பிக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியனின் தர அளவு. பிந்தி வந்தால் 125 மில்லி நொடி வரை பொறுத்துக்கொள்கிறதாம். மின்னலுக்குப் பிறகுதான் இடி. இடி முதலில் வந்து மின்னல் பின்னால் வந்ததை எவன் பார்த்திருக்கிறான்? சந்தேகம் இருந்தால் குரலைக் கால் ஃப்ரேம் பின்னுக்குத் தள்ளலாமே தவிர, முன்னுக்கு இழுக்காதீர்கள்.

அந்த ஒரு வரி

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மகன் துபாய்க்குக் கிளம்புகிறான். அம்மா வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல், தெருமுனையில் பூ விற்கிற அம்மாவையே கூட்டி வந்து உட்காரவைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி வசனம்: "அங்க சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவ?" அந்த அம்மாள் நடிக்கவில்லை. அவருடைய சொந்தப் பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது. 'என்னடா'வில் குரல் கம்மிப்போகிறது. யூனிட்டே வாயடைத்து நிற்கிறது.

முகம் கொஞ்சம் இருட்டாக விழுந்திருந்தால் பரவாயில்லை, 16,384 படி இருக்கிறது, தூக்கிக்கொள்ளலாம். கலர் மாறியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கம்மல் பதிவாகவில்லையென்றால்? "அம்மா, இன்னொரு தடவை அதே மாதிரி" என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகவே சொல்வார். ஆனால் அது வேறு வரி. ஃபேன் இரைச்சலைத் துடைக்கவும், குரலையே போலி செய்யவும் இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்த நிமிஷம் அந்த அம்மாள் சொன்ன விதம் அதற்கு எப்படித் தெரியும்?

குறும்படம்தான் என்றில்லை. தாத்தா தன் கல்யாணக் கதையைச் சொல்கிறார், ஆபீஸில் முப்பது வருஷம் பேசாத பியூன் ரிட்டயர்மென்ட் அன்றைக்கு எழுந்து நாலு வார்த்தை பேசுகிறார். இதெல்லாம் இரண்டாவது டேக் இல்லாத சமாசாரங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ ஒலி நிமிஷத்துக்கு வெறும் 17 எம்.பி. ரா படமோ நிமிஷத்துக்கு 5.2 ஜி.பி. அதாவது ஒரு நிமிஷப் படம் பிடிக்கும் இடத்தில் ஐந்து மணி நேரம் ஒலியைப் பதியலாம்! இதை வைத்துக்கொண்டு, 'கார்டு தீர்ந்துடும்' என்று ரிக்கார்டரை நடுவில் நிறுத்துகிறவரைவிடக் கஞ்சன் உண்டா? காலையில் போட்டால் டிபன் பிரேக் வரை ஓடட்டும், விடுங்கள்.

பட்ஜெட்டில் முக்கால்வாசியை லென்ஸ் வாடகைக்குக் கொட்டுவதற்கு முன்னால், நல்ல மைக் ஒன்று, ஹெட்போன் ஒன்று, பொறுமையான நண்பர் ஒருத்தர் என்று ஒதுக்கிவைத்துவிடுங்கள். படம் கொஞ்சம் சுமாராக இருந்தால், 'ரியலிஸ்டிக்கா இருக்குப்பா' என்று ஜனங்கள் பாராட்டிவிடுவார்கள். வசனம் கேட்காவிட்டால் மூன்றாவது நிமிஷம் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

கிளாப் போர்டு வாங்கக் காசில்லையா? கவலையை விடுங்கள். காமிரா முன்னால் போய் நின்று, கை ரெண்டும் ஃப்ரேமுக்குள் தெரிய, பளிச்சென்று ஒரு தட்டுத் தட்டுங்கள். அதுவே போதும்.

உங்கள் படத்துக்கு விழுந்த முதல் கைதட்டல் என்ற பெருமையும் சேரும்!